அசல் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது

ஜூன் 2

சிறுவாணித் தண்ணீர் ஆறு நாள் கழித்து வந்தது. மேல்தொட்டி, கீழ்த்தொட்டி, நான்கு குடம், ஓர் அண்டா எல்லாம் நிரம்பின. என் மனைவி மயிலா சும்மா இருந்த சொம்புகளையும் நிரப்பிவிட்டாள். சமையலறையில் கால் வைக்க இடமில்லை.

உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த இந்த டைரியில் முதல் ஐந்து மாதம் வெள்ளையாகக் கிடக்கிறது. ஓய்வு பெற்றவன் என்ன எழுதுவது, கீரைக்காரம்மா வந்தாள், கீரைக்காரம்மா வரவில்லை என்பதைத் தவிர. இப்போது விஷயம் இருக்கிறது. ஏழு வருடம் நியூசிலாந்தில் இருந்த மகன் தரணிதரனும் மருமகள் இந்துமதியும் போன வாரம் வடவள்ளிக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். மாடியை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தாயிற்று. எனக்குச் சந்தோஷம். மயிலாவுக்கு என்னைவிடச் சந்தோஷம், ஆனால் அவள் டைரி எழுதுவதில்லை.

இந்துமதி அந்த ஊரில் சின்ன விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள். உத்தியோகத்துக்கு இல்லை. நாம் ஞாயிற்றுக்கிழமை மருதமலைக்குப் போகிற மாதிரி அவள் ஞாயிற்றுக்கிழமை வானத்துக்குப் போய் வருவாளாம். அதை இந்திய லைசென்ஸாக மாற்றினால்தான் இங்கே ஓட்டலாம். டெல்லியிலிருந்து கேட்டிருக்கும் ஆவணங்களின் பட்டியலைக் காட்டினாள். பதினேழு வரி. எனக்குக் கை பரபரத்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம், அதில் கடைசிப் பதினொரு வருடம் தலைமை எழுத்தர். நஞ்சப்பன் கட்டிய ஃபைல் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"நீ பரீட்சைக்குப் படி அம்மிணி. ஃபைல நாம் பாத்துக்கறேன்" என்றேன்.

"எல்லாமே ஆன்லைனுங் மாமா."

"அது இருக்கட்டும். ஃபைல் வேணும்."

ஜூன் 5

ஃபைல் தயார். பழுப்பு அட்டை, பச்சை நாடா, பக்க எண், முகப்பில் பொருளடக்கம். ஜெராக்ஸ் மூன்று செட். அசல்கள் என் பீரோவில், சாவி என் பூணூல் இல்லாத கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றில்.

லைசென்ஸை இன்றுதான் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரே தாள். நல்ல கனம். ஓரத்தில் மை இல்லாமல் அழுத்திப் பதித்த முத்திரை, விரலால் தடவினால் புடைப்புத் தெரிகிறது. இப்படி ஒரு முத்திரையை நான் பணியில் இருந்த காலத்தில் பார்த்ததில்லை. மயிலாவையும் கூப்பிட்டுத் தடவச் சொன்னேன். கையில் மஞ்சள்தூள் என்று வர மறுத்தாள்.

ஜூன் 8

இந்துமதிக்கு மருத்துவப் பரிசோதனை. கண், காது, ரத்தம், நெஞ்சுப் படம் எல்லாம் சரி. துணைக்குப் போன எனக்கும் சும்மா ரத்த அழுத்தம் பார்த்தார்கள். எனக்கு லைசென்ஸ் கிடையாது என்று தெரிந்தது.

ஜூன் 12

இரவுச் சாப்பாட்டில் ராகிக் களி, கீரைக் கடைசல். சாப்பிடும்போது இந்துமதி ஒரு கதை சொன்னாள். போன வருடம் தனியாகப் பறந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டதாம்.

"நின்னுருச்சுன்னா?" என்றேன்.

"நின்னுருச்சுங் மாமா. டப்புன்னு. அப்பறம் கீழ ஒரு மேச்சக்காடு தெரிஞ்சுது. ஆடுகளத் தாண்டி எறக்கிட்டனுங்." சிரித்துச் சிரித்துச் சொன்னாள். தரணியும் சிரித்தான். மயிலா, "ஆடுகளுக்கு ஒண்ணும் ஆகலியே கண்ணு" என்று கேட்டாள்.

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். களி ஒரு உருண்டை மிச்சம் வைத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. வாயுவாக இருக்கலாம்.

ஜூன் 13

காலையில் நூர் ஜெராக்ஸ் வரை நடை. ஒரு சிறு வேலை. முடிந்தது. வழியில் முருங்கைக்காய் நல்லதாகக் கிடைத்தது.

ஜூன் 14

இந்துமதி லைசென்ஸ் எண் கேட்டாள். மனப்பாடமாகச் சொன்னேன். "எடுத்துக் குடுங்க மாமா, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன்" என்றாள். "அசல் ஃபைலில் பத்திரமா இருக்குது. ஜெராக்ஸ வெச்சுக்க" என்றேன்.

பத்திரமாகத்தான் இருக்கிறது. இனிமேல் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

ஜூன் 20

இட்லி சாப்பிடும்போது தரணி ஒன்று சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அப்பா, நாங்க முழுசா வந்துட்டோம்னு இன்னும் முடிவு பண்ணலைங்க. தீபாவளி வரைக்கும் பாக்கறோம். இவளுக்கு லைசென்ஸ் மாறிடுச்சுன்னா இங்கயே இருந்துக்கறோம். இல்லீன்னா திரும்பிப் போயிர்றோம். நவம்பர் பத்துக்கு டிக்கெட் போட்டு வெச்சிருக்கேன். வேண்டாம்னா கேன்சல் பண்ணிக்கலாம்."

"ஒரு லைசென்சுக்காகவா?"

"வாரம் பூரா எல்லாத்துக்காகவும் இருக்கறா. ஞாயித்துக்கெழம அவளுக்குன்னு இருக்கட்டுமே."

அவர்கள் வந்ததே தங்கத்தான் என்று நானாக நினைத்துக்கொண்டு மாடிக்குப் புதுக் கொசுவலை வரை அடித்திருந்தேன். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாள் என்றுதான் எவனும் நினைப்பான். விமானம் ஏறியே போய்விடுவார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

மாலை பீரோவைத் திறந்தேன். லைசென்ஸ் லேமினேட் ஆகியிருப்பது தெரியவந்தது. டெல்லிப் பட்டியலில் ஒன்பதாவது வரி: அசல் லைசென்ஸை நேரில் காட்ட வேண்டும், லேமினேட் செய்த ஆவணம் ஏற்கப்படாது. யாரால், எப்போது என்ற விவரங்களை இந்த இடத்தில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. முத்திரையின் புடைப்பும் போய்விட்டது. தடவினால் தாமரை இலை மாதிரி வழுக்குகிறது.

ஜூன் 22

பிளாஸ்டிக் உறையைக் குளிரவைத்தால் தானாக விட்டுக்கொடுக்கும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். ஃப்ரீசரில் வைத்தேன். மதியம் மயிலா பட்டாணி எடுக்கப் போய், பொட்டலத்துக்கு அடியிலிருந்து மருமகளின் முகத்தை எடுத்தாள்.

"இதெதுக்குங்க இங்க?"

"அசலைக் குளிர்ச்சியான இடத்துல வெக்கோணும்."

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு பட்டாணியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். உறை விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூன் 23

வேட்டித் துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டி வைத்தேன். ஒரு மூலை சுருண்டது. வேட்டியும் போயிற்று.

ஜூன் 25

வெப்பக் காற்று பட்டால் இளகும் என்று இன்னொரு யூடியூப்காரர். அந்தக் காற்றுக் கருவி இந்துமதியிடம் இருக்கிறது, தலை காயவைக்க. கேட்டேன். அவள் என் தலையைப் பார்த்தாள். அதில் காயவைக்க ஒன்றுமில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"எதுக்குங் மாமா?"

"காதுல ஈரம்."

கொடுத்துவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் ஊதினேன். புகைப்படத்தில் அவள் இடது கன்னத்தில் ஒரு குமிழ் கிளம்பிவிட்டது. வெளியே வந்தபோது மூவரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். "காது எப்புடிங்க இருக்குது?" என்று மயிலா கேட்டாள். தேவலை என்றேன்.

ஜூலை 1

இந்துமதிக்கு வான்வழிச் சட்டதிட்டப் பரீட்சை நெருங்குகிறது. கேள்வி கேட்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருப்பது நல்லது. அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்துவிட்டது. பதிவுச் சட்டக் கையேடு மாதிரியே உட்பிரிவு, உட்பிரிவுக்குள் விலக்கு, விலக்குக்கு ஒரு விலக்கு. மூன்றே நாளில் பாதி மனப்பாடம். மாதிரித் தேர்வு வைத்துப் பார்த்தோம். அவள் நூற்றுக்கு எழுபத்தெட்டு, நான் தொண்ணூற்று ஒன்று.

"மாமா, நீங்களே ஓட்டலாமுங்" என்றாள். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினேன்.

ஜூலை 4

சட்டதிட்டம் இப்படிச் சொல்கிறது: இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். தெளிவான விதி. எனக்குள் நன்றாக ஏறிவிட்டது.

இன்று காலை ஸ்கூட்டரில் பால் வாங்கப் போனேன். மாதா கோயில் வளைவில் மினி பஸ் நேருக்கு நேர் வந்தது. நான் வலப்பக்கம் ஒதுங்கினேன். மினி பஸ் இந்த நாட்டு வழக்கப்படி தன் இடப்பக்கம் ஒதுங்கியது. இரண்டு பேரும் ஒரே வேலிக்குள் போனோம். ஓட்டுநர் இறங்கி வந்து என் வயதைக் கேட்டார். சொன்னேன். பிறகு அவர் சொன்னதை டைரியில் எழுத முடியாது. ஒரு பாக்கெட் பால் பிழைத்தது.

ஜூலை 12

இந்துமதி பரீட்சையில் தேறிவிட்டாள். எண்பத்தொன்பது. என்னைவிட இரண்டு குறைவு என்று நான் சொல்லவில்லை. மயிலா சொன்னாள். கேசரி.

ஜூலை 14

நூர் ஜெராக்ஸ் போனேன். கடை நடத்தும் ஷாகிதாவிடம், "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், ஒட்டின லேமினேஷனப் பிரிக்க முடியுமா?" என்றேன்.

"முடியாது சார். பிரிச்சா எழுத்து பிளாஸ்டிக்கோட வந்துரும்." பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். "சார், அன்னைக்கே நான் கேட்டேன். இது ஒரிஜினலாச்சே சார், வேண்டாம் சார்னு ரெண்டு தடவ சொன்னேன். 'போடும்மா, கெட்டியான கவரா போடு'ன்னு நீங்கதான் சொன்னீங்க."

கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி காதிலிருந்த ஒயரை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

ஷாகிதா நிறுத்தவில்லை. "எங்க அத்தா காட்டுப் பத்திரத்த லேமினேட் பண்ணிக் கொண்டாந்தப்போ திருப்பி அனுப்புனதே நீங்கதான சார். 'லேமினேட் பண்ணிட்டா அது பத்திரமில்ல, சாப்பாட்டுத் தட்டு'ன்னு சொன்னீங்களாம். அத்தா ஒரு வாரம் அதையே சொல்லிட்டிருந்தாரு."

முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எல்லோரையும் நினைவு வைத்திருக்க முடியாது. வீட்டுக்கு வரும் வழியில் அவள் அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. வெள்ளைத் தொப்பி, கையில் அந்தப் பளபளப்பு.

ஜூலை 20

டெல்லி தேதி கொடுத்துவிட்டது. ஆகஸ்ட் 20, அசல்களுடன் நேரில். இந்துமதி துள்ளிக்கொண்டு வந்து அசலைக் கேட்டாள்.

"ஆடில அசலை வெளிய எடுக்கக் கூடாது" என்றேன்.

"அப்புடி ஒரு சாத்திரம் எங்கயும் இல்லீங்க" என்று மயிலா அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"பதிவுத் துறைல இருக்குது."

ஆடிக் காற்று பலமாக இருக்கிறது. மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டுத் தென்னையில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஜூலை 24

தொலைந்துவிட்டது என்று புகார் கொடுத்து ஒரு சான்று வாங்கிவிட்டால் சுலபம் என்று போலீஸ் ஸ்டேஷன் போனேன். எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு நல்ல மனிதர், நாற்காலி போட்டார். என்ன தொலைந்தது, எங்கே, எப்போது என்று கேட்டார். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கையில் என் சட்டைப் பையையே பார்த்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய துணி. உள்ளே பிளாஸ்டிக் பளபளத்தது. மருமகளின் ஒரு கண்ணும் கன்னத்துக் குமிழும் தெரிந்திருக்க வேண்டும்.

"என்ன மாதிரி காகிதம்ங்க சார்?" என்றார்.

"வெயில் தணிஞ்சு வர்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 27

நியூசிலாந்து அலுவலகத்தின் இணையதளத்தில் வழி இருக்கிறது. நகல் லைசென்ஸ் தருகிறார்கள். படிவம் ஒரே பக்கம். லைசென்ஸுக்கு உரியவர் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் இந்துமதிக்குத் தெரியாமல் நடக்காது. சேதம் வேறு ஒருவரால் நேர்ந்திருந்தால் அவர் தன் கையால் விளக்கம் எழுதி இணைக்க வேண்டும். நான்கு கட்டங்கள், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்: திருட்டு, தொலைந்தது, தற்செயலான சேதம், வேண்டுமென்றே செய்த சேதம்.

மூன்றாவது கட்டத்தில் டிக் அடிக்க வேண்டியதுதான். பாதுகாப்புக்காகச் செய்யப்போய் இப்படி ஆகிவிட்டது.

ஜூலை 28

இன்னும் டிக் அடிக்கவில்லை. கீரைக்காரம்மா வரவில்லை.

ஜூலை 29

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். 'ஆவணத்தின் நீடித்த பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு' என்று ஆரம்பித்தேன். நல்ல ஆரம்பம். அடுத்த வரி வரவில்லை. இதே ஆரம்பத்தோடு என் மேசைக்கு ஒரு தலைமை எழுத்தர் வந்திருந்தால் நான் என்ன கேட்டிருப்பேன்? 'உமக்கு விதி தெரியாதா?' என்று கேட்டிருப்பேன்.

மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.

ஜூலை 31

விதி எனக்குத் தெரியும். ஜூன் 13 காலையிலும் தெரியும்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. மயிலா எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று மூன்று சாதம் கட்டினாள். தரணியும் அவளும் பேரூர் ஆற்றங்கரைக்குப் போனார்கள். இந்துமதிக்குத் தலைவலி, போகவில்லை. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். படிவத்தையும் நான்கு பக்க விளக்கத்தையும் பிளாஸ்டிக்கையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்காவது கட்டத்தில் டிக் அடித்திருந்தேன்.

நின்றபடியே படித்தாள். முதலில் குமிழைப் பார்த்துச் சிரிப்பு வந்தது அவளுக்கு. இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. முழுவதும் படித்துவிட்டு மடித்தாள்.

"ஃபைல நீங்க பாத்துக்கறேன்னு சொன்னப்போ நான் எத்தன சந்தோஷப்பட்டேன் தெரியுங்ளா?" என்றாள். சத்தமே போடவில்லை. துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவமானமாக இருக்கிறது. வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4

பேசவில்லை.

ஆகஸ்ட் 5

பேசவில்லை. காபி மட்டும் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை போட்டிருந்தாள், எனக்குச் சர்க்கரை கூடாது. கோபமா மறதியா என்று தெரியாமல் குடித்துவிட்டேன். தரணியும் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். மயிலாவிடம் நானே சொன்னேன். "ஃப்ரீசர்லயே தெரியுமுங்க. நீங்களே எப்ப சொல்றீங்கன்னு பாத்துட்டிருந்தேன்" என்றாள்.

ஆகஸ்ட் 7

மாலையில் இந்துமதி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நாலு பக்கம் எழுதியிருக்கறீங்க. ஏன் செஞ்சீங்கங்கறது மட்டும் அதுல இல்லீங் மாமா."

பார்த்தேன். உண்மைதான். தேதி, நேரம், கடை, உறையின் கனம் எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை.

"நீ அந்த எஞ்சின் கதை சொன்னியே அம்மிணி. ஆடுக. எனக்குப் பயமாயிருச்சு. உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா. காயிதம் செல்லாமப் போச்சுன்னா மேல போக மாட்டேன்னு நெனச்சேன். அப்பறம்தான் தரணி டிக்கெட் கதைய சொன்னான்."

"எனக்குப் பயமில்லைன்னு நெனச்சீங்ளா?" என்றாள். "எறக்குனதுக்கப்பறம் அரமணி நேரம் கதவத் தொறக்க முடியலீங் மாமா. ஒரு ஆடு வந்து கண்ணாடில மூக்க வெச்சுப் பாத்துட்டே நின்னுச்சு. அதையப் பாத்து அழுதேன். இவருகிட்டக்கூட அந்தப் பாதியச் சொல்லல. சிரிச்சுச் சொன்னா சின்னதாப் போயிரும்னு."

"அப்பறமும் எதுக்குக் கண்ணு மேல போற?"

"பயந்துட்டேதான் போறேன். மேல போனா நல்லாருக்குதுங்."

என்னிடம் பேனா வாங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு, இனிமேல் அவளைக் கேட்காமல் அவள் காகிதத்தைத் தொட்டால் என் ஓய்வூதியப் புத்தகத்தை லேமினேட் செய்துவிடுவதாகச் சொன்னாள். நியாயம்தான். சாவியைக் கயிற்றோடு கழற்றிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 21

நியூசிலாந்திலிருந்து மின்னஞ்சல். நகல் அனுப்புகிறார்களாம். மூன்று இரவு நான் தூங்காமல் டிக் அடித்த கட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார்கள்: அந்தக் கட்டங்கள் ஆண்டுப் புள்ளிவிவரத்துக்கு மட்டும்தான், எதில் டிக் அடித்தாலும் நடைமுறை ஒன்றே. இன்னொரு வரி: 'தங்கள் மாமனாரின் நான்கு பக்க விளக்கத்துக்கு நன்றி. அலுவலகத்தில் எல்லோரும் படித்தோம். இரண்டு வரி போதுமானதாக இருந்திருக்கும்.'

இந்துமதி இதை உரக்கப் படித்தாள், இரண்டு தடவை. டெல்லி தேதியைப் போன வாரமே அவளே ஆன்லைனில் செப்டம்பருக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிட வேலை.

செப்டம்பர் 6

கூரியரில் புது லைசென்ஸ். மேசை மேல் இருந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். "தொட்டுப் பாருங் மாமா, முத்திர இருக்குது" என்றாள். வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 18

டெல்லி முடிந்தது. ஃபைலை அவள் கொண்டுபோகவில்லை. பிளாஸ்டிக் கவரில் நாலு தாள் போதுமாயிற்றாம்.

அக்டோபர் 9

சேலம் பக்கம் உள்ள பறக்கும் கிளப்பில் செய்முறைத் தேர்வு. ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு நாலு ஞாயிறு அங்கே பயிற்சியாளருடன் பறந்து பழகியிருந்தாள். என்னை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நான்தான் போகவில்லை. ரேஷன் கடையில் வேலை இருந்தது. கடை இன்று விடுமுறை என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. தேறிவிட்டாள்.

அக்டோபர் 26

இந்திய லைசென்ஸ் வந்துவிட்டது. முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மயிலா அப்படியே வந்து கட்டிப்பிடித்ததில் இந்துமதி முதுகில் பத்து விரலும் பதிந்திருந்தன. தரணியிடம் டிக்கெட்டைப் பற்றிக் கேட்டேன்.

"ஒரு தடவை இங்க தனியாப் பறந்து பாத்துட்டுச் சொல்றேங்கறாப்பா. இங்க வானம் எப்புடியோ, தெரியாதில்ல."

வானத்துக்கு என்ன கேடு? எல்லா ஊரிலும் ஒன்றுதானே? ஆனால் அதை நான் சொல்லவில்லை. தீபாவளி வரைக்கும் என்றார்கள், தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள்.

அக்டோபர் 31

தீபாவளி. எண்ணெய்க் குளியல், மழை. பட்டாசு பாதி நமத்துவிட்டது. டிக்கெட் இன்னும் உயிரோடு இருக்கிறது. முறுக்கு நன்றாக வந்தது.

நவம்பர் 3

நாலு பேரும் காலையிலேயே கிளம்பிக் கிளப்புக்குப் போனோம். மழை விட்டு வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. முதலில் அவள் தனியாக ஒரு சுற்றுப் போனாள். பதினொன்று பத்துக்கு மேலே, பதினொன்று நாற்பதுக்குக் கீழே. அந்த அரை மணி நேரம் நான் என்ன செய்தேன் என்று சுத்தமாக ஞாபகம் இல்லை. கிளப்காரர்கள் கொடுத்த டீயில் பிஸ்கட்டுக்குப் பதில் கார் சாவியை முக்கியதாகத் தரணி சொல்கிறான்.

இறங்கியவள் நேரே என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வியர்வை, கண் மட்டும் சிரித்தது.

"மாமா, இப்ப ஒருத்தரக் கூட்டிட்டுப் போலாமுங். மொதல்ல நீங்கதான். வர்றீங்ளா?"

பயிற்சியாளர், மெக்கானிக்குகள், இரண்டு மாணவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நேற்றே யோசித்து வைத்திருந்தேன்: முழங்கால் வலி, சர்க்கரை, காதில் ஈரம். மூன்றும் வாய் வரைக்கும் வந்தன.

"இல்ல அம்மிணி. எனக்குப் பயம்" என்றேன். அத்தனை பேர் முன்னாலும்.

"செரிங் மாமா" என்றாள். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. இவ்வளவு சுலபமாகவா இருக்கிறது இது, இதற்கா நான் ஒரு ஃப்ரீசரையும் ஒரு வேட்டியையும் பாடாய்ப்படுத்தினேன் என்று தோன்றியது.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து மயிலா, "நான் வர்றேன் கண்ணு" என்றாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். கைப்பையை என்னிடம் கொடுத்தாள். நாற்பத்தொரு வருடமாக, ரங்கராட்டினத்தில்கூட ஏறமாட்டேன் என்று சொன்னவள், நான் ஏறாததால்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள் போல. "உங்களுக்கு வேடிக்க காட்டறதுக்கில்ல. எனக்கு ஆசைங்க" என்று என் காதில் சொல்லிவிட்டு, மெக்கானிக் பிடித்த ஏணியைக்கூடத் தொடாமல் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

ஓடுபாதையில் ஓடி, எழும்பி, மேட்டூர்ப் பக்கம் திரும்பியது. சத்தம் குறைந்துகொண்டே போயிற்று. நான் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேலி ஓரம் நின்றேன். ஒருத்திக்காகப் பயந்த பயம் இப்போது இரண்டு பேருக்காக. ஆனால் எதையும் செய்து தடுக்கத் தோன்றவில்லை, நிற்கத்தான் தோன்றியது. சாம்பல் மேகம் ஒன்றுக்குப் பின்னால் போய்ச் சின்னப் புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் போயிற்று.

தரணி பக்கத்தில் வந்து நின்றான். கையில் ஃபோன்.

"அப்பா, எறங்குனவொடனேயே இந்து சொல்லிட்டா. பத்தாந்தேதி டிக்கெட்டக் கேன்சல் பண்ணிட்டேன். இங்கயேதான்."

ஐந்து மாதமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஊரையெல்லாம் சிரிக்க வைத்திருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்து என்னவாவது சொல்லியிருக்கலாம். கண்ணை வானத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

"செரி, செரி. அதையப் பொறவு பேசிக்கலாம்" என்றேன். "மொதல்ல அவிய ரெண்டு பேரும் எறங்கட்டும்."